பின் நம்பர் சொல்ல வேண்டாமுங்க

சங்ககிரியில் நான் நடத்தும் செல்போன் பழுது பார்க்கும் கடைக்கு வருகிறவர்கள், போனை மேசைமேல் வைக்கும்போதே பின் நம்பரையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். நாம் கேட்க வேண்டியதே இல்லை. டெம்பர் கிளாஸ் ஒட்டவும் ரீசார்ஜ் செய்யவும் இன்னும் நாலு பேர் பக்கத்தில் நின்றிருப்பார்கள்; அவர்கள் காதிலும் விழும். பெரும்பாலும் அது பிறந்த வருடமாக இருக்கும், இல்லாவிட்டால் லாரி நம்பராக இருக்கும். லாரி நம்பர் வண்டியின் முன்னும் பின்னும் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பது. அதே நான்கு இலக்கத்தைத்தான் ஏ.டி.எம். கார்டுக்கும் ஜிபேவுக்கும் வைத்திருப்பார்கள் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

"வேண்டாமுங்க, சொல்லாதீங்க" என்றால் சிலருக்குக் கோபம் வரும். "நம்மகிட்ட அப்படி என்ன தம்பி ரகசியம் இருக்குது?" என்பார்கள். அந்தப் போனுக்குள் வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட் எல்லாவற்றின் போட்டோவும் இருக்கும். பேங்க் பாஸ்புக், ஆதார், வீட்டுப் பெண்களின் படங்கள், மகனின் மார்க் ஷீட், டாக்டர் எழுதிய சீட்டு எல்லாம் இருக்கும். எங்கள் ஊர் லாரி ஊர். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி, நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறை, குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் தறி என்று சுற்றிலும் தொழில் நடக்கிற நாடு இது. லோடு பிடிப்பது, டீசலுக்குப் பணம் போடுவது, தறிக்குப் பாவு எப்போது வரும் என்று கேட்பது வரைக்கும் எல்லாமே போனில்தான். ஒரு டிரைவருக்கு அதுதான் ஆபீஸ். மாதத்தில் பாதி நாள் அதுதான் வீடும்.

நான் தொழில் பழகியது பட்டன் போன் காலத்தில். அப்போது கடைக்கு முக்கிய வருமானம் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவது. கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினால் அதிலிருக்கும் படங்கள் எல்லாம் வரிசையாகத் திரையில் விரியும். பூட்டு, மறைப்பு எதுவும் கிடையாது. பார்க்காமல் பாட்டை மட்டும் ஏற்றித் தருகிற கடைக்காரர்கள் இருந்தார்கள். நகல் எடுத்து வைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். எனக்குத் தொழில் கற்றுத் தந்த அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பாட்டு ஏற்றும்போது கம்ப்யூட்டர் திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்துவிடுவார். நாம் என்ன செய்கிறோம் என்று அவர்கள் பார்க்கட்டும் என்பார். இன்றைக்கு நான் செய்கிற எல்லாவற்றுக்கும் அந்தத் திருப்பி வைத்த திரைதான் ஆரம்பம்.

பழுது பார்க்கப் பூட்டு திறந்தே ஆக வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலான வேலைக்குத் தேவையே இல்லை. டிஸ்ப்ளே மாற்றினேன் என்று வையுங்கள். பூட்டிய திரையிலேயே டச் வேலை செய்கிறதா என்று மேலிருந்து இழுத்துப் பார்க்கலாம், பின் போடும் கட்டத்தில் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டும் பார்க்கலாம். பவர் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் பெரும்பாலான போன்களில் கேமரா திறந்துவிடும். முன்னும் பின்னும் பார்த்துக்கொள்ளலாம். போனைத் திருப்பித் தரும்போது சிம்மைப் போட்டு, என் போனிலிருந்து அந்த நம்பருக்கு ஒரு அழைப்பு போட்டால் ஸ்பீக்கர், மைக், காதில் வைத்ததும் திரை அணைகிற சென்சார் மூன்றும் தெரிந்துவிடும். சார்ஜ் ஏறுவது பூட்டிய திரையிலேயே தெரியும். பேட்டரிக்கும் சார்ஜிங் போர்டுக்கும் இதற்கு மேல் என்ன வேண்டும்? சாஃப்ட்வேர் கோளாறு என்றால் மட்டும் உள்ளே போக வேண்டியிருக்கும். அப்போது வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்து தன் விரலாலேயே திறக்க வேண்டும் என்பது என் கடையின் விதி.

கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், கடைக்காரர்கள் உள்ளே புகுந்து பார்க்கிறார்களா என்று சோதித்திருக்கிறார்கள். லேப்டாப்புகளைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு, உள்ளே என்ன நடந்தது என்பதை ஒரு பதிவு மென்பொருள் மூலம் பிறகு பார்த்தார்கள். பதிவு கிடைத்த 12 கடைகளில் 6 கடைகளில் வேலைக்குச் சம்பந்தமில்லாத சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள். 2 கடைகளில் நகலும் எடுத்திருந்தார்கள். பேட்டரி மாற்றுவதற்குக் கூடப் பெரும்பாலான கடைகள் பாஸ்வேர்டு கேட்டிருக்கின்றன. படித்த ஊர், பணக்கார ஊர் என்ற வித்தியாசம் இதில் இல்லை.

இந்த ஆபத்தைக் கம்பெனிகளும் உணர்ந்துதான் ஒரு வசதி கொடுத்தன. சாம்சங் 2022இல் 'மெயின்டனன்ஸ் மோட்' கொண்டுவந்தது. 2023 கடைசியில் கூகுளின் பிக்சல் போன்களில் 'ரிப்பேர் மோட்' வந்தது. இந்த மோடைப் போட்டால் போன் மறுபடி ஆன் ஆகி, புதுப் போன் மாதிரி வெறுமையாக நிற்கும். படம், நம்பர், வாட்ஸப் எதுவும் கண்ணில் படாது. வேலை முடிந்தபின் சொந்தக்காரர் தன் பூட்டைத் திறந்தால்தான் பழைய நிலைக்கு வரும். என் தொழிலுக்கு இதைவிட நல்ல வசதி வந்ததில்லை. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. எங்களிடம் வரும் போன்களில் பாதிக்கு மேல் டிஸ்ப்ளே உடைந்தவை. வண்டியிலிருந்து இறங்கும்போது கீழே விழுந்தது, மேலே ஜாக்கி விழுந்தது என்று வரும். திரை செத்த போனில் எந்த மோடை எப்படிப் போடுவது? படம் தெரிந்து டச் மட்டும் போயிருந்தால் ஓ.டி.ஜி. இணைப்பில் ஒரு சாதாரண கம்ப்யூட்டர் மவுஸைச் செருகி, அதை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுவேன். அவரே பேட்டர்ன் போட்டு, அவரே மெயின்டனன்ஸ் மோடைத் தட்டிவிடலாம். திரை முழுக்கக் கறுத்துவிட்டால், புது டிஸ்ப்ளேவை ஒட்டாமல் வெறுமனே கனெக்டரில் மாட்டி, முதலில் அவர் கையில் கொடுப்பேன். மோடைப் போட்டுத் திருப்பித் தந்தபிறகுதான் பசை தடவுவது. மெமரி கார்டும் சிம்மும் கழன்று அவர் சட்டைப் பைக்குப் போய்விடும். கார்டில் இருப்பது பெரும்பாலும் பூட்டுக்குள் வராது. எந்தக் கார்டு ரீடரில் செருகினாலும் திறக்கும்.

இதெல்லாம் கடைக்குள் நடப்பது. இதைவிடப் பெரிய விஷயம், புதுப் போன் வாங்கிய அன்று நடப்பது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபிறகு, இரண்டு வருடத்துக்குள் எங்கள் பக்கத்துக் காடு தோட்டம் வரைக்கும் ஸ்மார்ட்போன் போய்ச் சேர்ந்தது. ஆண்ட்ராய்டு போன் என்றால் கூகுள் கணக்கு வேண்டும். வாங்க வருகிறவர்களுக்கு ஜிமெயில் என்றால் என்னவென்று தெரியாது. கடைக்காரர்களே ஒரு கணக்கைத் தொடங்கி, பாஸ்வேர்டும் தாங்களே போட்டு, பெட்டியின் மூடியில் பேனாவால் எழுதித் தருவது ஊர் ஊராக வழக்கமாகிவிட்டது. பாஸ்வேர்டை மீட்கக் கொடுக்கும் நம்பரும் பல இடங்களில் கடைக்காரரின் நம்பர்தான். வீட்டில் அடுத்த போன் வாங்கும்போது, "அதே ஜிமெயிலையே போட்டுருங்க தம்பி, புதுசு எதுக்கு" என்பார்கள். அப்பா, அம்மா, மகன், மருமகள், தோட்டத்து வேலையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி என்று ஐந்து போன்கள் ஒரே கணக்கில் ஓடும்.

அதனால் என்ன ஆகும் என்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். மருமகள் எடுத்த படம் கூகுள் போட்டோஸ் வழியாக மாமனார் போனில் வந்து நிற்கும். ஒருவர் சேமித்த நம்பர் ஐந்து பேருக்கும் போகும். ஒருவர் தேடியது அடுத்தவரின் தேடல் பட்டியலில் வரும். தறி ஓட்டும் ஒரு பெண், மாதவிடாய்க் கோளாறைப் பற்றி யூடியூபில் டாக்டர் பேச்சு ஒன்றைப் பார்த்திருக்கிறார். மறுநாள் மைத்துனரின் போனில் அதே மாதிரிப் பேச்சுகள் வரிசையாக வந்திருக்கின்றன. வீட்டில் பெரிய பேச்சாகி, "என் போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க அண்ணா" என்று அழுதுகொண்டே வந்தார். யாரும் ஹேக் செய்யவில்லை. கணக்கு ஒன்றாக இருந்தது, அவ்வளவுதான். அவருக்குத் தனிக் கணக்கு தொடங்கி, பாஸ்வேர்டை அவரே யோசித்துப் போட வைத்து, பழைய கணக்கை அந்தப் போனிலிருந்து எடுத்துவிட ஒரு மணி நேரம் ஆகவில்லை.

என் கருத்து இதுதான். போனில் இருக்கும் தனியுரிமை வசதிகள் எல்லாம் ஒரு போனுக்கு ஒரு ஆள் என்று எண்ணிச் செய்தவை. எங்கள் ஊரில் ஒரு போன் ஒரு குடும்பத்துக்கு. அப்பா தூங்கும்போது பையன் கேம் ஆடுவான், அண்ணி யூடியூபில் சமையல் பார்ப்பார், பக்கத்து வீட்டு ஆத்தா பேரனுக்கு வீடியோ கால் போடச் சொல்வார். போனைக் கேட்டுக் கொடுக்காவிட்டால் உறவே கெட்டுப்போகும். 'யாருக்கும் கொடுக்காதீர்கள்' என்று சொல்லிக் கொடுப்பதால் இங்கே ஒன்றும் நடக்காது. கொடுத்தபிறகும் எதெது மூடியிருக்கும் என்பதைத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

2018இல் நித்யா சாம்பசிவன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசப் பெண்களிடம் பேசி எழுதிய ஆய்வு ஒன்று உண்டு. பெண்கள் போனைக் கொடுக்க மறுப்பதில்லை. கொடுக்குமுன் ஆப்புக்குப் பூட்டு போடுகிறார்கள், தேடிய பட்டியலை அழிக்கிறார்கள், சில படங்களை மட்டும் நீக்குகிறார்கள் என்று அதில் கண்டிருக்கிறார்கள். எங்கள் கடையில் என் மனைவி உட்கார்ந்திருக்கும் மாலை நேரத்தில்தான் பெண்கள் அதிகம் வருவார்கள். அவர்கள் கேட்பதும் அப்படியே இதுதான். "அக்கா, போனைக் குடுக்காம இருக்க முடியாதுங்க. இது மட்டும் தெரியாம இருக்கணும்."

அவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது பூட்டிய திரையில் வரும் அறிவிப்புகளைப் பற்றி. போன் பூட்டியிருந்தாலும் வாட்ஸப் செய்தியும் பேங்க் ஓ.டி.பி.யும் திரையில் தெரிந்துகொண்டே இருக்கும். செட்டிங்ஸில் அறிவிப்புகள் பகுதிக்குப் போய், பூட்டிய திரையில் உள்ளடக்கத்தை மறைக்கச் சொன்னால் 'செய்தி வந்திருக்கிறது' என்பது மட்டும் தெரியும். அடுத்தது வாட்ஸப். 2023 மே மாதத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட உரையாடலை மட்டும் தனியாகப் பூட்டி வைக்கலாம். குழந்தைக்குப் போன் கொடுப்பதற்கு ஆப்பைத் திரையில் 'பின்' செய்யும் வசதி 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5 முதலே இருக்கிறது. யூடியூபைப் பின் செய்து, வெளியேறும்போது பூட்டு கேட்கும்படி வைத்துக் கொடுத்தால், பூட்டைத் திறக்காமல் பிள்ளை வேறெங்கும் போக முடியாது. இத்தனை வருடம் கழித்தும் இதைக் காட்டும்போது தாய்மார்களின் முகம் மலர்வதைப் பார்க்கிறேன். சில போன்களில் ஒரே போனுக்குள் இரண்டாவது ஆளுக்குத் தனி அறை மாதிரி வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. விலை குறைந்த பல மாடல்களில் அதை எடுத்துவிடுகிறார்கள். 2024இல் வந்த ஆண்ட்ராய்டு 15இல் 'பிரைவேட் ஸ்பேஸ்' இருக்கிறது. ஆனால் ஒன்பதாயிரம் ரூபாய் போனை நாலு வருடம் ஓட்டுகிற வீட்டுக்கு அது எப்போது போய்ச் சேரும்? இந்த வசதிகள் அதிகம் தேவைப்படுகிறவர்கள் கைக்கு அவை கடைசியாக வருவது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

வாட்ஸப்பில் இன்னும் ஒரு இடம் பார்க்க வேண்டியது, 'லிங்க்டு டிவைசஸ்'. வேறொரு கம்ப்யூட்டரோ போனோ அந்தக் கணக்கோடு இணைந்திருந்தால் அங்கே தெரியும். வெளியே கடைகளில் பிரின்ட் எடுக்கும்போது வாட்ஸப் வெப்பில் நுழைந்துவிட்டு வெளியேறாமல் வருகிறவர்கள் நிறைய. ஆதார் நகல் எடுக்கப் போன இடத்தில் நம் செய்தி முழுக்க யாரோ ஒருவருடைய திரையில் ஓடிக்கொண்டிருக்கும். அதே பட்டியலில் கணவரின் போனும் சில சமயம் வந்து நிற்கும். அப்போது என் மனைவி மேற்கொண்டு எதுவும் சொல்லமாட்டார். அது என்ன என்று விளக்கி, எடுப்பதா விடுவதா என்பதை அந்தப் பெண்ணிடமே விட்டுவிடுவார். திடீரென்று எடுத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

மறுபக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். மனைவி யாரிடம் பேசுகிறாள் என்று தெரிந்துகொள்ள ஏதாவது ஆப் போட்டுத் தரச் சொல்வார்கள். மகளுக்கு என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அந்த வேலையை நான் எடுப்பதில்லை. கூலி எவ்வளவு சொன்னாலும் எடுப்பதில்லை. 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொன்னது, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று. வழக்குத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் இருந்து ஓய்வு பெற்ற நீதிபதி. ஆதாரை எதிர்த்து 2012இல் தொடங்கியது அது. அரசாங்கத்துக்கு எதிராகக் கிடைத்த தீர்ப்புதான். ஆனால் திருமணமானால் அந்த உரிமை போய்விடும் என்று அதில் எங்கும் இல்லை. கேட்டு வருகிற ஆளிடம் சட்டம் பேசிப் பிரயோஜனமில்லை என்பதால், "அந்த மாதிரி ஆப் போட்டா உங்க பேங்க் பணமும் சேர்ந்து போயிருமுங்க" என்பேன். உண்மையும் அதுதான். திருட்டுத்தனமாக வேவு பார்க்கிற ஆப் யாருக்கு விசுவாசமாக இருக்கும்?

ஆப்புகளுக்குக் கொடுக்கும் அனுமதி விஷயத்துக்கு வருகிறேன். 2015க்கு முன்னால் ஒரு ஆப்பை இறக்கும்போதே அது கேட்ட எல்லாவற்றுக்கும் மொத்தமாகச் சம்மதம் சொல்ல வேண்டியிருந்தது; பிடிக்காவிட்டால் ஆப்பே வேண்டாம் என்று விட வேண்டும். அந்த வருடம் வந்த ஆண்ட்ராய்டு 6தான் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்தது. 2019இல் ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும் இருப்பிடம் தரலாம் என்றார்கள். 2020இல் இந்த ஒருமுறை மட்டும் என்பதும், பல மாதம் தொடாத ஆப்பின் அனுமதியைப் போனே பறித்துக்கொள்வதும் வந்தன. 2021இல் கேமராவோ மைக்கோ ஓடும்போது மேலே பச்சைப் புள்ளி தெரிய ஆரம்பித்தது; கடந்த 24 மணி நேரத்தில் எந்த ஆப் எதைத் தொட்டது என்று காட்டும் பலகையும் வந்தது. அதே 2021 ஏப்ரலில் ஐபோனில், ஒரு ஆப் நம்மைப் பிற ஆப்புகளிலும் தளங்களிலும் பின்தொடர வேண்டுமானால் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்ற விதி வந்தது.

இவ்வளவு வந்தும், அனுமதி கேட்கும் கட்டம் வந்தவுடன் விரல் தானாக 'அனுமதி'யைத் தட்டிவிடுகிறது. அதனால் நான் ஆப் ஆப்பாகப் பார்ப்பதில்லை. செட்டிங்ஸில் 'பெர்மிஷன் மேனேஜர்' என்று இருக்கும். அதைத் திறந்தால் காண்டாக்ட்ஸ் யார் யாரிடம், எஸ்.எம்.எஸ். யார் யாரிடம், மைக் யார் யாரிடம் என்று பட்டியல் வரும். போனை வாடிக்கையாளர் கையிலேயே வைத்து, ஒவ்வொரு பெயராகப் படிக்கச் சொல்வேன். "டார்ச் லைட்டுக்கு உங்க காண்டாக்ட்ஸ் எதுக்குங்க?" என்று கேட்டால் போதும், அதற்கு மேல் அவர்களே நீக்கிக்கொள்வார்கள். எஸ்.எம்.எஸ். பட்டியலில் மட்டும் நான் கண்டிப்பு. மெசேஜ் ஆப், ஜிபே மாதிரி பணம் அனுப்பும் ஆப்புகள் தவிர அங்கே வேறு பெயர் இருந்தால் என்ன ஏது என்று கேட்காமல் விடமாட்டேன். ஓ.டி.பி. வருகிற வழி அது.

காண்டாக்ட்ஸின் விலை என்ன என்பதைக் கடன் ஆப்புகள் எங்கள் ஊருக்குக் காட்டின. கொரோனா முடக்கத்தில் வண்டி நின்றது, தறி நின்றது. ஐயாயிரம், பத்தாயிரம் என்று போனில் கடன் எடுத்தார்கள். தவணை தப்பிய மறுநாளே, போனிலிருந்த அத்தனை பேருக்கும் 'இவர் ஏமாற்றுக்காரர்' என்று செய்தி போனது. சம்பந்தி வீட்டுக்கும் போனது, லாரி முதலாளிக்கும் போனது. கேலரியில் இருந்த படத்தை அசிங்கமாக மாற்றி அனுப்பினார்கள். நாடு முழுக்கத் தற்கொலைகள் வரை போன கொடுமை இது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி கடன் ஆப்புகள் காண்டாக்ட்ஸ், அழைப்புப் பட்டியல், படங்கள், கோப்புகள் எதையும் தொடக் கூடாது. 2023 மே 31 முதல் பிளே ஸ்டோரும் அதைத் தடை செய்தது. அதற்குப் பிறகும் ஸ்டோருக்கு வெளியே லிங்க் அனுப்பி இறக்கச் சொல்லும் கூட்டம் இருக்கிறது. அப்படி ஒரு ஆப்பைப் போட்டுக்கொண்டு வந்தவரின் போனில் அனுமதியை எடுத்துவிடுவது சுலபம். ஏற்கெனவே போன பட்டியலைத் திருப்பி வாங்க வழியில்லை.

லிங்க் என்றதும் அபராதச் சலான் கதையைச் சொல்லாமல் விட முடியாது. லாரி ஊருக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு வலையைப் பின்ன முடியாது. 2024இல் நாடெங்கும் செய்தியாகவே வந்தது. வாட்ஸப்பில் போக்குவரத்துத் துறை சின்னத்தோடு ஒரு செய்தி வரும். உங்கள் வண்டி விதிமீறியிருக்கிறது, விவரத்துக்கு இந்தக் கோப்பைத் திறக்கவும் என்றிருக்கும். கூடவே ஒரு ஏ.பி.கே. கோப்பு, அதாவது தட்டினால் ஆப்பாக ஏறிக்கொள்வது. வெளிமாநிலத்தில் வண்டி ஓடுகிற முதலாளிக்கு, எங்காவது அபராதம் போட்டிருப்பார்கள் என்ற எண்ணம் எப்போதும் உண்டு. தட்டுவார். அது எஸ்.எம்.எஸ். அனுமதி கேட்கும், சலான் பார்க்கத்தானே என்று கொடுப்பார். அப்புறம் ஐகான் மறைந்துவிடும். வருகிற ஓ.டி.பி. எல்லாம் வேறெங்கோ போகும், அவர் பெயரிலேயே அதே கோப்பு லோடு பிடிக்கும் வாட்ஸப் குரூப்புகளுக்கும் போகும். தெரிந்தவர் அனுப்பியது என்று அடுத்தவரும் தட்டுவார். கல்யாணப் பத்திரிகை, பி.எம். கிசான் பெயரிலும் இதே வேலை நடக்கிறது.

அரசாங்கம் சலானுக்கு ஏ.பி.கே. அனுப்பாது. அரசாங்கத்தின் பரிவாகன் தளத்துக்கு நாமே போய் வண்டி நம்பரைப் போட்டுப் பார்க்கலாம், முகவரி gov.in என்று முடிய வேண்டும். தெரியாமல் தட்டிவிட்டு வருகிறவர்களுக்கு நான் செய்யும் முதல் வேலை சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போட்டுக் கொடுப்பது. அதிலிருந்து பேங்குக்கும், சைபர் கிரைம் உதவி எண்ணான 1930க்கும் உடனே பேச வேண்டும். பணம் போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்கு அடுத்த கணக்கில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். அதன்பிறகுதான் வைஃபையையும் அணைத்துவிட்டுப் போனைப் பார்ப்பது. அந்தப் போனைச் சுத்தமாக ரீசெட் செய்யாமல் நான் திருப்பித் தருவதில்லை. 'படமெல்லாம் போயிருமே' என்று கெஞ்சுவார்கள்; படங்களை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு மற்றதை அழித்துவிடுவேன்.

இருப்பிடம் லாரிக்காரர்களுக்குத் தனிப் பிரச்சினை. 2017இல் வாட்ஸப்பில் லைவ் லொகேஷன் வந்தபிறகு, வண்டி எங்கே நிற்கிறது என்று முதலாளிகள் அதைத்தான் கேட்கிறார்கள். ஒருமுறை கொடுத்தால் எட்டு மணி நேரம் வரை ஓடும். ஃபாஸ்டேக் வேறு 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயம். ஒவ்வொரு சுங்கச்சாவடியைத் தாண்டும்போதும் பதிவு செய்த போனுக்குச் செய்தி வரும். பக்கத்திலுள்ள வைகுந்தம் சுங்கச்சாவடிச் செய்தி வந்ததும் உலை வைக்கிற வீடுகள் எங்கள் ஊரில் உண்டு. வண்டி எங்கே என்று தெரிந்துகொள்ள முதலாளிக்கு உரிமை இருக்கிறது. சரக்கு லட்சக்கணக்கில் போகிறது. வண்டியை விட்டு இறங்கி ஊருக்கு வந்த டிரைவர் எங்கே இருக்கிறார் என்பது அவருக்கு எதற்கு? ஆகவே டிரைவர்களுக்கு நான் சொல்வது: லொகேஷனை எட்டு மணி நேரத்துக்குக் கொடுங்கள், சாவி கொடுத்த இடத்தில் 'ஷேரிங்கை நிறுத்து' என்பதையும் தட்டுங்கள். கூகுள் மேப்ஸின் டைம்லைனில் பழைய பயணங்களைத் தானாக அழிக்கும் கெடுவையும் வைத்துக் கொடுப்பேன். சில முதலாளிகள் இதற்காக என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். வண்டியிலேயே ஜி.பி.எஸ். மாட்டிக்கொள்ளுங்கள், அது வண்டியோடு போகும் வண்டியோடு நிற்கும் என்று அவர்களிடம் சொன்னேன், மாட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

போன் நாம் பேசுவதை ஒட்டுக் கேட்கிறது, டயர் பற்றிப் பேசினால் டயர் விளம்பரம் வருகிறது என்று வாரத்துக்கு ஒருவராவது சொல்வார். 2018இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்புகளைச் சோதித்தபோது, ரகசியமாக மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பியது எதுவும் சிக்கவில்லை. சில ஆப்புகள் திரையில் நாம் செய்வதைப் படம்பிடித்து அனுப்பியது தெரிந்தது. டயர் கடைக்கு நடந்து போனது, அங்கிருந்து ஜிபேயில் பணம் அனுப்பியது, அதே கணக்கிலுள்ள மகன் டயர் விலை தேடியது எல்லாம் இருக்கும்போது பேச்சைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. செட்டிங்ஸில் 'ஆட்ஸ்' பகுதியில் விளம்பர ஐடியை அழித்துவிடச் சொல்வேன். விளம்பரம் நின்றுவிடாது, நம்மைத் தெரிந்துகொண்டு வருவது குறையும். பிரவுசரில் இருக்கும் இன்காக்னிட்டோவைப் பற்றியும் ஒரு வார்த்தை: அது அந்தப் போனில் தடம் வைக்காது, அவ்வளவுதான். வீட்டில் அடுத்தவர் பார்க்காமல் இருக்க உதவும். நாம் போகிற தளமும் நெட் கம்பெனியும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

போனை மாற்றும்போது பழையதை விற்பவர்களுக்குக் கடைசியாகச் செய்யும் வேலை ஒன்று இருக்கிறது. முதலில் கூகுள் கணக்கை நீக்க வேண்டும். நீக்காமல் அழித்தால் வாங்குகிறவர் பழைய கணக்கின் பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே போக முடியாமல் மாட்டிக்கொள்ளலாம். பெட்டி மூடியில் எழுதிய பாஸ்வேர்டு தொலைந்து, கடைக்காரரின் பழைய நம்பரும் மாறிப்போய், நல்ல போன்கள் பல இப்படிச் செங்கல்லாகக் கிடக்கின்றன. கணக்கை நீக்கியபின் ரீசெட். இப்போதைய போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் சங்கேதமாகப் பூட்டித்தான் சேமிக்கப்படுகிறது. ரீசெட் செய்யும்போது அந்தப் பூட்டின் சாவியே அழிந்துவிடுவதால் பழைய படத்தை மீட்க வழி இருக்காது. பட்டன் போனுக்கும் பத்து வருடத்துக்கு முந்தைய போனுக்கும் இது பொருந்தாது. அவற்றை விற்காதீர்கள், ஐந்நூறு ரூபாய்க்கு மேல் வராது.

2023இல் நாடாளுமன்றத்தில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. சம்மதம் கேட்காமல் தரவை எடுக்கக் கூடாது, எதற்கு எடுக்கிறோம் என்று புரியும் மொழியில் சொல்ல வேண்டும், தமிழிலும் கேட்கலாம் என்கிறது சட்டம். படிப்படியாக அமலுக்கு வருகிறது. எங்கள் கடையில் ஏற்கெனவே ஒரு மாற்றம் செய்துவிட்டோம். சர்வீஸுக்குப் போன் வாங்கும்போது எழுதும் சீட்டில் முன்பு 'பாஸ்வேர்டு' என்று ஒரு கட்டம் இருக்கும். மொத்தமாக அச்சடித்து விற்கும் சீட்டுப் புத்தகங்களில் இன்றும் இருக்கிறது. நாங்கள் தனியாக அச்சடித்த சீட்டில் அந்தக் கட்டம் கிடையாது. அந்த இடத்தில் 'சிம், கார்டு வாடிக்கையாளரிடம் திருப்பித் தரப்பட்டது' என்று ஒரு வரி. பக்கத்தில் அவர் கையெழுத்து.